ட, ப, ம-வில் தொடங்குங்கள்: குழந்தைக்கு வீட்டில் தமிழ் வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி?

சுவரில் மாட்டிய உயிர்மெய் அட்டவணையைப் பார்த்து ‘க கா கி கீ கு கூ’ என்று ஒரே மூச்சில் பாடிவிடும் குழந்தையிடம், நடுவில் இருக்கும் ‘கீ’யை மட்டும் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். நிறையக் குழந்தைகள் வாய்க்குள் ‘க’விலிருந்து ஓடி வந்துதான் பதில் சொல்லும். அதற்குப் பாட்டுத் தெரியும், எழுத்து இன்னும் தெரியாது. வீட்டில் சொல்லித்தரும் பெற்றோர் அதிகம் இடறுவது இங்கேதான். 247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டு அப்புறம் சொல்லுக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும், குழந்தைக்கும் புத்தகம் என்றாலே சலிப்பு வந்திருக்கும்.

247 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதும் இல்லை. உயிர் 12. மெய்யின் அடிப்படை வடிவங்கள் 18. மேலே ஏறும் குறிகளில் தனி வடிவம் உள்ளவை, புள்ளியையும் சேர்த்து, ஏழுதான்: ம், மா, மி, மீ, மெ, மே, மை. மொ, மோ என்பவை கொம்பும் காலும் சேர்ந்தவை. ஆக 37 வடிவங்கள் கைக்கு வந்தால் பெரும்பகுதி முடிந்தது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் தனியாக அடம் பிடிக்கும், அதைப் பிறகு பார்ப்போம். ஙா, ஙி, ஙீ வரிசையைக் குழந்தை எந்தக் கதையிலும் சந்திக்கப் போவதில்லை. ‘ங்’ மட்டும் போதும். ஔ வரிசையில் மௌனம், பௌர்ணமி போல ஒரு கைப்பிடிச் சொற்கள்தான், அவை கடைசியில் வரட்டும். ஆய்தத்துக்கும் அவசரம் இல்லை.

முதலில் காது

எழுத்தைத் தொடுவதற்கு முன் சில மாதங்கள் காதுக்கான வேலை. மூன்றரை, நான்கு வயதிலேயே தொடங்கலாம்.

தினமும் 10 முதல் 15 நிமிடம் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டுங்கள். கதையைப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் ஒரு தடவையாவது அச்சில் இருப்பதை இருக்கிறபடி வாசிக்க வேண்டும். காரணம் எளிது. நாம் வீட்டில் ‘எல’ என்கிறோம், புத்தகத்தில் ‘இலை’ என்று இருக்கிறது. ‘போறாங்க’ என்கிறோம், அச்சில் ‘போகிறார்கள்’. ‘போகிறார்கள்’ என்ற சொல்லைக் காதால் கேட்டே இராத குழந்தை, எழுத்தெழுத்தாகச் சரியாகப் படித்து முடித்த பிறகும் அது என்னவென்று தெரியாமல் விழிக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் வாசிப்பு வரவில்லை என்று பலர் குறைப்படும் இடம் இது. வாசிக்கும்போது வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். இடமிருந்து வலம், வரி முடிந்தால் அடுத்த வரியின் தொடக்கம் என்பது சொல்லாமலே புரிந்துவிடும்.

இரண்டாவது, ஓசை விளையாட்டு. “சமையலறையில் ‘க’வில் தொடங்கும் சாமான் என்ன?” கரண்டி, கத்தி, கடாய், கடுகு. பேருந்திலும் விளையாடலாம். பிறகு கைதட்டல்: த-வ-ளை என்று மூன்று தட்டு, கா-கம் என்று இரண்டு தட்டு. ஒன்றைக் கவனியுங்கள். காகத்தில் எழுத்து மூன்று, தட்டு இரண்டு. புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டுக் கிடையாது, முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டல் காதில் பதிந்திருந்தால் பின்னால் வரும் பெரிய தொல்லை ஒன்று தவிர்ந்துவிடும்.

சொல்லின் முதல் ஓசையைக் குழந்தை தானாகச் சொல்கிறது, பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருகிறது, ‘இங்க என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்கிறது. இந்த மூன்றும் வந்துவிட்டால் எழுத்துக்குப் போகலாம். நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் காது வேலையையே இன்னும் இரண்டு மாதம் தொடருங்கள்.

சாமான்

கடையில் விற்கும் பெரிய அட்டவணை தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் வெற்றுப் பக்கம் அருமையாக உதவும். 8 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கறுப்பு மார்க்கரால் அட்டைக்கு ஓர் எழுத்து, 5 சென்டிமீட்டர் உயரத்தில். படம் வேண்டாம். ‘ஆ’வுக்குப் பக்கத்தில் ஆட்டைப் போட்டால் குழந்தை ஆட்டைத்தான் பார்க்கும்.

குறிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபைல் கவரை அதே அளவில் வெட்டிக்கொண்டு, அழியாத மார்க்கரால் ஒன்றில் புள்ளி, ஒன்றில் துணைக்கால், ஒன்றில் கொக்கி, மற்றவற்றில் கொம்புகள் என்று வரையுங்கள். ‘ம’ அட்டையின் மேல் புள்ளித் தகட்டை வைத்தால் ‘ம்’. எடுத்துவிட்டுக் கால் தகட்டை வைத்தால் ‘மா’. எழுத்து மாறவில்லை, மேலே வந்தது மட்டும் மாறுகிறது என்பதைக் குழந்தை தன் கையாலேயே செய்து பார்த்துவிடும். கால் விழ இடம் வேண்டும் என்பதால் எழுத்தை அட்டையின் நட்டநடுவில் எழுதுங்கள். உகரத்துக்கும் ‘டி’, ‘டீ’க்கும் இந்தத் தகடு ஒத்துவராது. அவற்றுக்குத் தனி அட்டை எழுதிவிடுங்கள்.

இவற்றோடு ஒரு சிலேட்டும் பல்பமும், தட்டில் பரப்பிய ரவையோ மணலோ இருந்தால் போதும்.

முதல் எட்டு எழுத்துகள்

விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதியாகிவிட்டது, நல்லது. ஆனால் எழுதிப் பழகுவதற்கு ‘அ’ கஷ்டமான வடிவங்களில் ஒன்று: சுழி, வளைவு, கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. ‘ட’ இரண்டே நேர்கோடு. ‘ப’ மூன்று. ‘ம’ அதிலிருந்து ஒரு வளைவு தூரம். பழைய வாத்தியார்கள் பலர் ட, ப, ம என்று தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றே எழுத்தில் சொல்லும் கிடைத்துவிடுகிறது.

முதல் இரண்டு வாரம்: ட, ப, ம, அவற்றோடு புள்ளி. கிடைக்கும் சொற்கள் படம், பட்டம், மட்டம். ஒரே நாளில் மூன்றையும் காட்டாதீர்கள். ‘ப’ முதல் நாள். இரண்டு நாள் கழித்து ‘ட’. இரண்டையும் கலந்து போட்டுக் கேட்டு, தயங்காமல் சொன்னால் ‘ம’. அடுத்து ‘ம்’. அன்றைக்கே ‘படம்’ வாசித்துவிடலாம்.

ஆங்கில எழுத்து ஏற்கெனவே தெரிந்த குழந்தை ‘ட’வை எல் என்றும் ‘ப’வை யு என்றும் சொல்லும். திட்ட வேண்டாம், அதன் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும். தமிழ் அட்டைகளுக்கு மஞ்சள் கரை போட்டு, அதை எடுத்தால் தமிழ் என்று பழக்கிவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இரண்டு மொழிக்கும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். ஒன்று காலையில், மற்றது மாலையில்.

மூன்றாம், நான்காம் வாரம்: க, ல, ர. இப்போது கல், பல், மரம், கடல், பகல், கட்டம், கப்பல், மலர். ஐந்தாம் வாரம் துணைக்காலும் ‘அ’வும்: அப்பா, அம்மா, பாப்பா, மாமா, பால், கால், காகம், பாடம். ‘ர’வையும் துணைக்காலையும் இரண்டு வாரம் தள்ளித்தான் தர வேண்டும், ஏனென்றால் அச்சில் இரண்டும் உடன்பிறப்புப் போல இருக்கும். ‘காரம்’ என்று எழுதிக் காட்டி, முதலில் நிற்பது கால், அதற்கு ஓசை கிடையாது, அடுத்ததன் அடியில் சாய்ந்த கோடு இருக்கிறது, அது ‘ர’ என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஆறாம், ஏழாம் வாரம் த, வ: தாத்தா, வா, தா, வால், பாதம், வட்டம்.

எட்டு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு கால், ஓர் ‘அ’. இவ்வளவுதான் கையில் இருக்கிறது. இதிலேயே வாக்கியம் வந்துவிடும்:

மாமா வா.
தாத்தா, பால் தா.
கடல் பார், கப்பல் பார்.
அம்மா, கப்பல் படம் தா.

இதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். குழந்தை வாசித்ததும் ‘கப்பல் படம்’ ஒன்றை நிஜமாகவே வரைந்து கொடுத்துவிடுங்கள். வாசித்தால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்த குழந்தை மறுநாள் தானாக வந்து உட்காரும்.

‘இம்’ என்ற தொல்லை

மெய்யெழுத்தை இக், இங், இச் என்று சொல்லிக்கொடுப்பது நம் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். பெயர் சொல்ல அது சரி. வாசிக்க உதவாது. ‘ம-ர-இம்’ என்று படிக்கும் குழந்தைக்கு மரம் கிடைக்காது, ‘மர இம்மு’தான் கிடைக்கும். கானா, மானா என்று பெயர் சொல்லிப் பழக்கினாலும் இதே கதிதான்.

மாற்று வழி இது. புள்ளி எழுத்தைத் தனியாக உச்சரிக்கவே சொல்லாதீர்கள். முன் எழுத்தோடு ஒட்டி ஜோடியாகப் பழக்குங்கள்: டம், ரம், கம், பம், லம். பிறகு கல், பல், வல். ‘ர’ அட்டையைப் பிடித்து ‘ரரர…’ என்று இழுத்துக்கொண்டே ‘ம்’ அட்டையைத் தள்ளி வந்து ஒட்டினால், உதடு தானாக மூடிக்கொள்ளும். அதுதான் ‘ரம்’. அடுத்து முன்னால் ‘ம’. மரம். சொல்லின் பின்பாதியை முதலில் கட்டிவிட்டு முன்னால் சேர்ப்பது பல குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது. பட்டம், கப்பல் போன்ற இரட்டிப்பிலும் இதே முறைதான்: பட்-டம், கப்-பல். ‘ப-இட்-ட-இம்’ என்று கேட்டால் உடனே நிறுத்தி, கைதட்டலை நினைவுபடுத்துங்கள்.

படமும் பட்டமும்

‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் ‘ட’ இளகி ஒலிக்கிறது, இரண்டாவதில் இறுகி ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். க, ச, த, ப எல்லாமே இப்படித்தான்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஓசை இறுகும், இரண்டு உயிரோசைக்கு நடுவிலும், ங், ஞ், ண், ந், ம் எழுத்துகளுக்குப் பின்னும் இளகும். சட்டி, பச்சை, பஞ்சு மூன்றிலும் ‘ச’வின் ஓசை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு இது காதில் விழுவதே இல்லை. புதிதாக வாசிக்கும் குழந்தை ‘பாடம்’ என்பதை இறுக்கி ‘பாட்டம்’ போல வாசித்துவிட்டு விழிக்கும்போது, படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

விதியைச் சொல்லித்தராதீர்கள். “அப்படி ஒரு சொல் கேட்டிருக்கியா? கிட்டத்தட்ட அதே மாதிரி வேற என்ன சொல் இருக்கு?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குழந்தை தானே திருத்திக்கொள்ளத் தொடங்கும். படித்த ஓசையைத் தெரிந்த சொல்லோடு பொருத்திப் பார்க்கும் இந்தப் பழக்கம் எல்லா மொழிக்கும் உதவும்.

கொக்கி, பிறகு உகரம்

மி, மீ-யின் மேல் வரும் கொக்கிக்கு மூன்று வாரம் போதும். கூடவே ன, ய, ள வரட்டும்: கிளி, மீன், மான், வானம், தீ, தம்பி, பாட்டி, காய். குறில், நெடில் வித்தியாசத்தை இங்கே அழுத்தமாகப் பதிய வையுங்கள். ஜோடியாகத்தான் பதியும்: கல்-கால், பல்-பால், படம்-பாடம், மலை-மாலை, விடு-வீடு, முடி-மூடி, எரி-ஏரி, கொடு-கோடு. எழுத்து இன்னும் வராத ஜோடிகளை வாயால் சொல்லி, எது நீளம் என்று கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நெடிலை நீட்டாமல் வாசிப்பதுதான் முதல் ஆறு மாதத்தில் மிக அதிகமாக வரும் பிழை.

உகரத்தை ஒரு குறியாகக் கற்பிக்க முயன்றால் தோல்விதான், ஏனென்றால் அது ஒரு குறி அல்ல. குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள். பு, சு, வு, யு: கீழே இறங்கும் கோடு. து, று, நு, லு, னு, ணு: அடியில் வளைந்து வலப்பக்கம் ஏறும் கால். டு, மு, ரு, ழு, ளு: எழுத்தைச் சுற்றி வளையும் கோடு. ‘கு’ தனி ஆள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம். அடிக்கடி வருபவை டு, து, கு, பு, று, ரு, மு. இவற்றிலேயே ஆடு, மாடு, வீடு, காது, வாத்து, நாக்கு, பாம்பு, புலி, ஆறு, முயல் எல்லாம் வந்துவிடும். ஊகாரத்தில் பூ, மூ, தூ, நூ, கூ, சூ, ரூ போதும். மீதியைக் கதையில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பகுதி நாலு, ஐந்து வாரம் இழுக்கும். ‘மு’வையும் ‘ழ’வையும் அடுத்தடுத்துக் காட்டாதீர்கள், குழப்பிக்கொள்ளும்.

சொல்லின் கடைசியில் வரும் உகரம் பெரும்பாலும் குறுகி ஒலிக்கும். ‘மாடு’ என்பதன் ‘டு’வும் ‘குடம்’ என்பதன் ‘கு’வும் ஒரே மாதிரி உதடு குவித்து வருவதில்லை. குழந்தை ‘மாடூ’ என்று உதட்டைக் குவித்து வாசித்தால், சொல்லை ஒரு முறை இயல்பாகச் சொல்லிக் காட்டிவிட்டு நகருங்கள்.

கொம்பு: எழுதுவது முன்னால், ஒலிப்பது பின்னால்

கெ, கே, கை. குறி இடப்பக்கம் நிற்கிறது, ஓசையோ எழுத்துக்குப் பின் வருகிறது. ‘தலை’ என்ற சொல்லில் நடுவில் நிற்கும் கொம்பை ‘த’வோடு சேர்த்து ‘தைல’ என்று வாசிப்பது வழக்கமாக நடக்கும். கொம்பு எப்போதும் வலப்பக்கத்து எழுத்துக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, பென்சிலால் கொம்பையும் எழுத்தையும் சேர்த்து அடியில் ஒரு வளைவு போடுங்கள். பத்துப் பதினைந்து சொல்லுக்குப் போட்டால் அதன்பின் தேவைப்படாது.

‘கொ’வைக் கற்பிக்க, வலப்பக்கக் காலை விரலால் மறைத்தால் ‘கெ’. விரலை எடுத்தால் ‘கொ’. மே-மோ, தெ-தொ என்று மாற்றி மாற்றி ஐந்து நிமிடம். கொம்பைப் பார்த்ததும் அவசரப்படாமல் வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று கண் போக வேண்டும், அதுதான் பயிற்சி.

தாத்தா வீட்டுப் பரணில் கிடைக்கும் பழைய புத்தகங்களை இந்தக் கட்டத்தில் தராதீர்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் வேறு வடிவத்தில் இருக்கும். ஓரளவு சரளம் வந்த பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே நல்ல விளையாட்டு.

ந-ன-ண, ர-ற, ல-ள-ழ

இவற்றை வாசிக்கும் குழந்தைக்குப் பெரிய சிக்கல் இல்லை. எழுதும் குழந்தைக்குத்தான் சிக்கல். அதனால் இப்போது அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு குடும்பத்தில் ஓர் எழுத்து நன்றாகப் பதிந்து இரண்டு வாரமாவது ஆன பிறகு அடுத்ததைக் கொடுங்கள். ‘ன’ முன்பே வந்துவிட்டது. இப்போது ‘ந’: நரி, நாய், நகம். சொல்லின் முதலில் வருவது ‘ந’ என்று சொன்னால் போதும். நடுவில் ‘த’வுக்கு முன் ந் (பந்து), ‘ட’வுக்கு முன் ண் (வண்டி), ‘ற’வுக்கு முன் ன் (கன்று). ழ வராவிட்டால் நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேலிப் பொருளாக்காதீர்கள்.

ற்ற, ன்ற மட்டும் தனி கவனம் கேட்கும். ‘காற்று’ என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டினால் குழந்தைக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் வராது, ஏனென்றால் வீட்டில் அது ‘காத்து’. நேற்று-நேத்து, ஒன்று-ஒண்ணு, மூன்று-மூணு, கன்று-கன்னு. ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதி, இது வீட்டுப் பேச்சு, இது புத்தகப் பேச்சு என்று பொருத்தும் விளையாட்டாக்குங்கள். இரண்டில் ஒன்று தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இதே காரணத்தால், ‘வாழைப்பழம்’ என்று இருப்பதைக் குழந்தை ‘வாழப்பழம்’ என்று வாசித்தால் அது பிழையே அல்ல. பொருள் புரிந்து வாசித்ததால்தான் அப்படி வந்தது. இரண்டாவது முறை வாசிக்கும்போது “இந்தக் கொம்பு என்ன சொல்லுது?” என்று கேட்டுக்கொள்ளலாம். ‘வழைப்பாழம்’ என்று வாசித்தால்தான் உடனே நிறுத்த வேண்டும்.

நீளச் சொல் வரும்போது

ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொல் எல்லாம் வந்துவிட்டது. கதைப் புத்தகத்தை எடுத்தால் ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்று ஒரு சொல் வரியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். இங்கே பல வீடுகளில் அழுகை வரும்.

பென்சிலால் மெல்லக் கோடு போட்டுப் பிரியுங்கள்: பள்ளிக் / கூடத் / திலிருந்து. அட்டைத் துண்டால் மீதியை மறைத்து, ஒவ்வொரு துண்டாகத் திறந்து வாசிக்க வையுங்கள். கடைசியில் ஒரே மூச்சில் முழுச் சொல். பிறகு ஒட்டுகளைத் தனி அட்டையில் எழுதிப் பழக்குங்கள்: -க்கு, -இல், -உடன், -கிறான், -கிறாள், -கிறார்கள், -இருந்து. இந்த ஏழும் கண்ணுக்குப் பழகிவிட்டால், நீளச் சொல்லில் புதிதாக மிஞ்சுவது முன்பாதி மட்டும்தான்.

முதல் புத்தகத்தை நீங்களே புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு ஒன்று, இரண்டு வாக்கியம். பெரிய எழுத்து. ‘படமெடுத்தாடியது’ போல ஒட்டிப்போன சொற்கள் குறைவாக இருக்க வேண்டும். ஒரே வாக்கியம் சிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நல்லது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். நிலை 1-ஐ இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். துளிகா போன்ற பதிப்பகங்களின் படப் புத்தகங்களும் ஏற்றவை. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தை வாசிக்க வேறொன்றை எடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது வயதைப் பார்த்து அல்ல, எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான். வீட்டிலும் அண்ணன் இந்த வயதில் வாசித்தான் என்ற கணக்கு வேண்டாம்.

தினம் பதினைந்து நிமிடம்

வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் ஒரே நேரம். சாப்பிட்டு முடித்து, தூக்கம் வருவதற்கு முன் என்பது பல வீடுகளுக்குச் சரிவரும். முதல் இரண்டு நிமிடம் பழைய அட்டைகள், கலைத்துப் போட்டு. அடுத்து நாலு நிமிடம் புதிய எழுத்து அல்லது கூட்டல். பிறகு ஐந்து நிமிடம் சொல், வாக்கியம். மீதியில் நீங்கள் கதை வாசிப்பது. வாரத்துக்குப் புதிய எழுத்து இரண்டு, மிஞ்சினால் மூன்று. பத்து அட்டையில் எட்டைத் தயங்காமல் சொன்னால்தான் அடுத்தது. ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் பாதி மறந்திருக்கும். அதைத் திரும்பச் செய்வது நேர விரயம் அல்ல.

எழுதுவதை வாசிப்போடு கட்டாதீர்கள். ரவையில் விரலால், காற்றில் கையால், சிலேட்டில் இரண்டு முறை. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொன்னால், மூன்றாவது வரிக்கு மேல் எழுத்து கோணலாகும், அந்தக் கோணல்தான் கையில் பதியும்.

குழந்தை ஒரு சொல்லில் நின்றால் ஐந்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். வாய் திறக்காமல் இருப்பதுதான் பெற்றோருக்குக் கஷ்டம். அப்படியும் வராவிட்டால் தடுத்த எழுத்தை மட்டும் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். “படத்தைப் பார்த்துச் சொல்லு” என்று மட்டும் சொல்லாதீர்கள். யூகம் ஒரு தடவை பலித்தால் அதுவே பழக்கமாகிவிடும், எழுத்தைப் பார்க்காமல் ‘நாய்’ இருக்கும் இடத்தில் ‘பைரவன்’ என்று வாசிக்கத் தொடங்கும். யூகிக்கிறது என்று சந்தேகம் வந்தால் படத்தைக் கையால் மறைத்து வாசிக்க வைத்து, பிறகு திறந்து சரிபார்க்கட்டும்.

முழுப் புத்தகத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பதும் உண்டு. பக்கத்தின் நடுவில் ஏதோ ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால் அது மனப்பாடம். அதே சொற்களைக் கலைத்து வேறு வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

இப்படிப் போனால் எளிய கதையைத் தானாக வாசிக்க எட்டு முதல் பத்து மாதம் என்று திட்டமிட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் வளர்ந்து, வீட்டில் தமிழ் கொஞ்சமாகவே பேசும் குழந்தை என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது. தெரியாத சொல்லை வாசித்து என்ன பயன்? முதல் எட்டு எழுத்தின் சொற்களைக் கூட, பொருளைத் தொட்டுக் காட்டிப் பேச்சில் பழக்கிய பிறகே அட்டையில் காட்டுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சகஜம், பதற வேண்டாம். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பது, வரி தவறிக்கொண்டே இருப்பது, தலைவலி என்று சொல்வது எதுவாக இருந்தாலும் முதலில் கண் பரிசோதனை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், அடிக்கடி காது வலி, சீழ் என்று இருந்தால், காதுப் பரிசோதனை. இந்த இரண்டையும் பார்க்காமல் மக்கு என்று முடிவு கட்டிய குழந்தைகள் நிறைய.

கண்ணும் காதும் சரியாக இருந்து, ஆறு மாதம் ஒழுங்காகச் சொல்லித்தந்தும், ஏழு வயது தாண்டியும் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று சுத்தமாகத் தெரியவில்லை, வீட்டில் வேறு யாருக்கும் படிப்பில் இதே கஷ்டம் இருந்தது என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அறிவுக் குறைவு அல்ல, சொல்லித்தரும் விதத்தை மாற்ற வேண்டும் அவ்வளவுதான். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. மற்ற ஊர்களில் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, கற்றல் குறைபாட்டைப் பரிசோதிக்கும் உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது குழந்தை எழுதிய தாள்களையும், எந்த எழுத்தில் எந்த வாரம் நின்றது என்று நீங்கள் குறித்து வைத்ததையும் எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.